முதல் ராங்க் பல்கலைக்கழகமும் இரண்டு மல்லிகாக்களும்

பாஸ்கர்,

அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அன்பு எங்கேயும் போய்விடவில்லை, அது பாட்டுக்கு இருக்கிறது. ஆனால் முதல் வார்த்தையாக அதைப் போட்டால் பின்னால் வருவதையெல்லாம் நீ செல்லக் கோபம் என்று எடுத்துக்கொள்வாய். இது செல்லக் கோபம் இல்லை. உன் மேல் எனக்கு இப்போது இருப்பதற்கு இளக்காரம் என்றுதான் பெயர். பெற்ற பிள்ளை மேல் அது வரும் என்று நான் நினைத்ததில்லை. வந்துவிட்டது. அதை மறைத்துக்கொண்டு விமான நிலையத்தில் நின்று கையாட்ட எனக்குத் தெரியாது. அதனால் நீ அமெரிக்கா கிளம்புவதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்கு வருவதற்கும் முன்னால், இதைப் படித்துவிடு.

இங்கே உன் நைனாவின் அமர்க்களத்தில் ஊரே இரண்டுபடுகிறது. பம்ப்செட் சாமான் கடையைப் பாதி நாள் சாத்திவிட்டுக் உன் பாராட்டு விழாவுக்காகக் கல்யாண மண்டபத்துக்கும் பிரஸ்ஸுக்கும் நடையாய் நடக்கிறார். பஸ் ஸ்டாண்டிலிருந்து திண்டிவனம் ரோடு முழுக்க உன் போட்டோ போட்ட நோட்டீஸ். ‘நோய் எதிர்ப்பு ஆராய்ச்சியில் நாட்டிலேயே முதல் ராங்க் பெற்ற பல்கலைக்கழகத்தின் இளம் விஞ்ஞானி, செஞ்சி மண்ணின் மைந்தன்’ என்று கொட்டை எழுத்து. நேற்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்த்தேன், ஒரு மாடு அந்த நோட்டீஸைச் சுவரிலிருந்து உரித்துப் பசையோடு தின்றுகொண்டிருந்தது. உன் ராங்க்கின் ருசியை இந்த ஊரில் சரியாகத் தெரிந்துகொண்டது அது ஒன்றுதான். மற்றவர்கள் கடையில் வந்து கைகுலுக்கிவிட்டுப் போகிறார்கள். என்னிடமும் வந்து, டீச்சர் பிள்ளை என்றால் சும்மாவா என்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன். வேறென்ன செய்ய?

அந்த ராங்க் எப்படி வந்தது என்று நைனாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நீதான் சொன்னாய். போன தீபாவளிக்கு வந்தபோது, எண்ணெய்க் குளியல் முடித்து இட்லியும் வடகறியும் சாப்பிட்டுக்கொண்டே விளக்கினாய். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற கமிட்டி ஒன்று, எந்தப் பல்கலைக்கழகத்தின் நோய் எதிர்ப்பு ஆராய்ச்சி அதிகத் தாக்கம் உண்டாக்கியிருக்கிறது என்று வரிசைப்படுத்தித் தரச்சொல்லி உங்கள் புரொபசரைக் கேட்டது. அவர் அந்த வேலையை உன் தலையில் கட்டினார். ஒருத்தர் எழுதிய கட்டுரையை உலகத்தில் மற்றவர்கள் எத்தனை தடவை எடுத்துக் குறிப்பிட்டார்கள் என்று எண்ணுவதுதான் வழி. அதற்கென்றே தலையணை தடிமனில், கடுகு கடுகான எழுத்தில், வெளிநாட்டில் புத்தகம் போடுகிறார்கள். ஒரு பக்கம் ஒவ்வொரு துறையின் ஆசிரியர் பெயர் வரிசை, இன்னொரு பக்கம் அந்தத் தலையணை. பெயர் பெயராகத் தேடி எண்ணிக் கூட்டினாய். எந்த இடத்துக்குக் கூட்டுத்தொகை அதிகமோ அது முதல். கடைசியில் உன் இடமே முதலாக வந்து நின்றது. பந்தயத்தில் ஓடுகிறவனே கோட்டில் நின்று கொடியும் அசைப்பது எந்த ஊர் வழக்கம் என்று அன்றைக்கே கேட்டிருப்பேன். பண்டிகை நாளாயிற்றே என்று விட்டேன்.

அதோடு விட்டாயா நீ? உங்கள் புரொபசரின் புகழ்பெற்ற கட்டுரையைப் பற்றியும் சிரித்துக்கொண்டே சொன்னாய். ஒரு மருந்தை ஊசியாகப் போட்டால் தொழுநோய் அண்டாது என்று அவர் எழுதினார். பல நாட்டுக்காரர்கள் அதைச் செய்து பார்த்துவிட்டு, தப்பு, தப்பு என்று ஆளாளுக்கு ஒரு கட்டுரை எழுதினார்கள். தப்பு என்று எழுதவேண்டுமானாலும் அவர் பெயரைக் குறிப்பிட்டாகவேண்டும் இல்லையா? அத்தனையும் உங்கள் கணக்கில் ஏறிக்கொண்டது. ஏண்டா, திட்டினதையுமா சேர்த்து எண்ணினாய் என்று கேட்டேன்.

“நம்பர்ல திட்டு வேற, பாராட்டு வேறன்னு இல்லம்மா. எண்ணிக்கதான் கணக்கு” என்றாய்.

நான் முப்பது வருஷத்துக்கு மேலாக விடைத்தாள் திருத்துகிறவள். தப்பான விடைக்கு மார்க் போடுவதையே ஒரு விஞ்ஞானம் என்று சொல்ல எனக்குத் தோன்றியதே இல்லை. சொல்லியிருந்தால் எங்கள் பள்ளிக்கூடம் என்றைக்கோ மாநிலத்தில் முதலாவதாக வந்திருக்கும்.

உனக்கு ராங்க் பைத்தியம் இன்றைக்குப் பிடித்தது இல்லை. ஒன்பதாவது படிக்கும்போது அரையாண்டுப் பரீட்சையில் ஒரு தடவை முதல் ராங்க் வாங்கினாய். எப்போதும் முதலாவதாக வருகிற பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னம் இரண்டும் ஊதி, யாரோ கொடுத்த தங்கச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்துக் கிடந்தான். நைனா உன் ராங்க் கார்டைக் கடை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு, காந்தி பஜார் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். அக்காவுக்கும் ஒரு துண்டு நீட்டினார். அவள் வாங்கவில்லை. “அந்தப் பையன் பரிச்சையே எழுதல நைனா. ஓடாத ஆள ஜெயிச்சதுக்கா ஸ்வீட்டு?” என்றாள். நீ ராத்திரி வரைக்கும் அவளோடு பேசவில்லை. பொன்னுக்கு வீங்கி ஒரு தடவை வந்தால் மறுபடி வராது, உடம்பு அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று அந்த வாரம்தான் வகுப்பில் பாடம் நடத்தினேன். ராங்க் வியாதிக்கு அந்த நியாயம் இல்லை போலிருக்கிறது. எத்தனை தடவை வந்தாலும் உடம்பு எதையும் கற்றுக்கொள்வதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் வரிசையில் கடைசி இடம் யாருக்கு என்று நீ எனக்குச் சொல்லவில்லை. மாப்பிள்ளைதான் சொன்னார், அதுவும் தயங்கித் தயங்கி. கடைசி இடம் உன் அக்காவின் பல்கலைக்கழகத்துக்கு. கடைசியில் இருக்கிற இடங்களில் ஆராய்ச்சிக் கூடத்தை மூடிவிட்டுப் பாடம் நடத்துவதை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று அந்தக் கமிட்டி யோசிக்கிறது. நீ விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் கூடி முடிவு செய்கிறார்கள். அவள் படித்த இடத்திலேயே வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருஷமாகக் கட்டி எழுப்பிய கூடம். சின்னதுதான். ஆனால் உலகத்தில் தொழுநோயைப் பற்றி எழுதுகிறவர்கள் அவள் கட்டுரையைத் தாண்டிப் போகமுடியாது என்று இதே வாயால் நீ ஒரு காலத்தில் சொன்னவன். அப்புறம் எப்படிக் கடைசி?

இப்படித்தான். அந்தப் பேர்பெற்ற கட்டுரைகளை அவள் எழுதியது கல்யாணத்துக்கு முன்னால். நைனா கண்ணுசாமியின் இனிஷியலோடு கே.மல்லிகா என்று எழுதினாள். கல்யாணம் ஆனதும் நம் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை துரைராஜின் இனிஷியல் வந்து ஒட்டிக்கொண்டது, டி.மல்லிகா ஆனாள். துறையின் பெயர் வரிசையில் இன்றைக்கு டி.மல்லிகாதான் இருக்கிறாள். நீ தலையணையைப் புரட்டி டி.மல்லிகாவை மட்டும் எண்ணினாய். இரண்டு பிள்ளை பெற்றுக்கொண்டு, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக எழுதிய சில கட்டுரைகள். அதே தலையணையில் கொஞ்சம் கீழே, பக்கம் பக்கமாக வரிசை கட்டி நின்றாளே கே.மல்லிகா, அவளை நீ யாருடைய கணக்கிலும் சேர்க்கவில்லை. அவள் யார் என்றே தெரியாதவன் போலப் பக்கத்தைத் திருப்பினாய். வெள்ளைக்காரன் எண்ணியிருந்தால் அவனுக்கு நம் வழக்கம் தெரியாது என்று மன்னித்துவிடலாம். நீ அவள் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தவன்.

போன மாசம் ஒரு நாள் வந்தாயே, அப்போது இதைக் கேட்டேன். நீ நிதானமாகப் பதில் சொன்னாய். அந்த நிதானத்தைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

“ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. லிஸ்ட்ல இருக்கிற பேர எண்ணணும், அவ்ளோதான். அக்காவுக்காக மாத்துனன்னு வெளிய தெரிஞ்சா என்னா பேசுவாங்க?”

பார்த்தாயா, எவ்வளவு உத்தமமாக இருக்கிறது! சொந்தக்காரிக்குச் சலுகை காட்டாத நேர்மை. நைனாவிடம் சொன்னால் அதையும் நோட்டீஸில் போட்டுவிடுவார். அடேய், அவளுக்காக மாற்று என்று நான் கேட்கவில்லை. கல்யாணம் ஆகி இனிஷியல் மாறிய பெண் ஒவ்வொரு துறையிலும் இருப்பாளே, எல்லாரையும் பார் என்றேன். ஆம்பிளைகள் ஒருத்தர்கூட உன் கணக்கில் தொலைந்து போகவில்லை, கவனித்தாயா? தாலி கட்டியதும் அவர்கள் எவனும் பெயர் மாறுவதில்லை. தொலைந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். நேர்மையான கணக்கு இப்படித்தான் ஒரு பக்கமாகவே சாயுமா? அதற்கு நீ, “இப்ப டைம் இல்லம்மா, ரிப்போர்ட் போயிடுச்சி” என்றாய். பெட்டி வாங்க டைம் இருந்தது. குளிர் கோட்டு தைக்க அளவு கொடுக்க டைம் இருந்தது. முதல் ராங்க் இடத்துப் பிள்ளை என்றுதானே அந்த அமெரிக்கக்காரர்கள் உன்னைக் கூப்பிட்டார்கள்? கே.மல்லிகாவைச் சேர்த்தால் முதல் இடம் நழுவிவிடும். டைம் இல்லாததற்குக் காரணம் அதுதான். வேறு கதை சொல்லாதே.

உனக்கு இது தெரியாமல் நடந்தது என்றால் இவ்வளவு எழுதமாட்டேன். கல்லூரியில் நீ முதல் வருஷம் சேர்ந்த சமயம், எனக்குப் பதவி உயர்வு வரவேண்டியது வரவில்லை. விசாரித்தால், கல்யாணத்துக்கு முன்னால் என் அப்பா இனிஷியலில் வேலை பார்த்த வருஷங்களைக் கடலூர் ஆபீஸில் வேறொரு டீச்சருடையது என்று தள்ளிவைத்திருந்தார்கள். நைனா, போனால் போகட்டும், சம்பளம் வருதில்ல என்றார். நீதான் கொதித்தாய். பஸ் பிடித்துக் கடலூருக்குப் போய், அந்த கிளார்க் மேஜைக்கு முன்னால் நின்று, “ரெண்டு பேரும் ஒருத்தருதான் சார். அவுங்க எங்கம்மா” என்று சொன்னாய். அவர் ரூலைக் காட்டினார். நீ மறுபடி போனாய், மேலே இருந்தவரைப் பார்த்தாய், முடித்துக்கொண்டுதான் வந்தாய். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே அந்த கிளார்க்கைத் திட்டினாயே, மனுசனப் பாக்காம பேப்பரப் பாக்கறவன் என்று! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பரவாயில்லை, பிள்ளையை ஒழுங்காகத்தான் பெற்றிருக்கிறோம் என்று நினைத்தேன். இப்போது அந்த கிளார்க்கிடம் மன்னிப்புக் கேட்கலாம் போலிருக்கிறது. அவருக்காவது என்னைத் தெரியாது.

அக்கா உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கேட்டதற்கு, “உடும்மா, ஊருக்குப் போற நேரத்துல அவனுக்கு இன்னாத்துக்கு டென்ஷன்” என்று சொல்லிவிட்டு, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தொண்டூருக்கு பஸ் ஏறிவிட்டாள். அவள் என்ன செய்கிறாள் என்பதாவது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிடுகிற இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குத் தொழுநோய் வருகிறது, இன்னொன்றுக்கு வருவதில்லை. வராத பிள்ளையின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தேடுகிறாள். தொண்டூரிலும் தளவானூரிலும் கைக்குழந்தையாக இருந்தபோது ரத்தம் எடுத்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்களிடமே திரும்பத் திரும்பப் போய் எடுத்தால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் வரும். நடுவில் நின்றால் இத்தனை வருஷம் எடுத்ததும் வீண். அன்றைக்குத் தொண்டூருக்கு நானும் கூடப் போயிருந்தேன். புருஷனுக்கு விரல் மடங்கிப்போன ஒரு பெண், மகனின் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, “இவனுக்கு வராதுல்ல டாக்டரம்மா?” என்று கேட்டாள். இன்னும் தெரியலம்மா, அடுத்த தடவ வரும்போது பாத்துச் சொல்றேன் என்றாள் அக்கா. அந்த அடுத்த தடவை இருக்குமா இருக்காதா என்பதுதான் இப்போது உன் கையில் இருக்கிறது. தாக்கம், தாக்கம் என்கிறாய். அந்தப் பெண் கேட்ட கேள்வி உன் தலையணைப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் வரும்?

வெளிநாடு போகிற பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்லவேண்டும் என்பது சம்பிரதாயம். சொல்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொள். அங்கேயும் உன்னை யாராவது எதையாவது எண்ணச் சொல்வார்கள். எண்ணு, அது உன் பிழைப்பு. ஆனால் எண்ணுவதற்கு முன்னால் யாரை எண்ணுகிறோம் என்று ஒரு தடவை தலை தூக்கிப் பார். தெரிந்த முகம் விட்டுப்போனால் தெரிந்ததாகச் சொல். தெரியாத மாதிரி இருந்துவிட்டு, அதற்கு முறை என்று பெயர் வைக்காதே. திருட்டுக்குக்கூட ஒரு பயம் இருக்கும். இதற்கு அதுவும் இல்லை. மேடை போட்டு மாலை வாங்கிக்கொள்கிறது.

அந்தக் கணக்கைப் போட்டவன் நீ. அதனால் நீ ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்று மாப்பிள்ளை சொல்கிறார். பெயர் மாறிய பெண்களை விட்டுவிட்டேன், திரும்ப எண்ணித் தருகிறேன் என்று ஒரே வரி. உங்கள் புரொபசர் முகம் சுளிப்பார். முதல் ராங்க் போகலாம். அமெரிக்கக்காரர்கள் ஒருவேளை உன்னைக் கூப்பிட்டதைப் பற்றி மறுபடி யோசிக்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொல்கிறேன். நீ போகாமல் இங்கேயே இருந்தாலும் நான் வருத்தப்படமாட்டேன். இப்படிப் போனால் வருத்தப்படுவேன்.

ஞாயிற்றுக்கிழமை விழா சாயங்காலம்தான். மத்தியானம் வீட்டில் சாப்பாடு. உனக்குப் பிடித்த கத்தரிக்காய்க் காரக்குழம்பு வைக்கிறேன், வடை பாயசமும் உண்டு. அக்காவும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். நைனாவுக்கு ஒரு இலை, மாப்பிள்ளைக்கு ஒரு இலை, உனக்கு ஒரு இலை போடுவேன். அக்காவுக்கு இரண்டு. உன் கணக்குப்படி அவள் இரண்டு பேர்தானே? டி.மல்லிகா வந்து உட்கார்ந்து சாப்பிடுவாள். பக்கத்து இலை கே.மல்லிகாவுக்கு. அதிலும் சோறு, குழம்பு, வடை, பாயசம் எதுவும் குறையாமல் பரிமாறுவேன். உட்கார ஆள் இல்லாத இலைக்கு நம் வீட்டில் எந்த நாளில் பரிமாறுவோம் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உன் இலை அதற்கு நேர் எதிரில் இருக்கும்.

அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தால், செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடு. ஒரு இலையை எடுத்துவிடுகிறேன்.

அம்மா